பச்சைப் பொட்டு மாத்திரை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவள் நான். அதோடு நிற்காமல் மைக்ரோபயாலஜி படித்து, தேனியில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். சளி, ரத்தம், சிறுநீர், சீழ் என்று எது வந்தாலும் அதில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இதைக் காமயகவுண்டன்பட்டியில் புரிய வைக்க இரண்டு வருடம் முயன்றேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "எம் மக டாக்டருக்கே சொல்ற டாக்டரு." நான் மறுத்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருந்ததால் மறுக்கவில்லை.

அம்மா ஏலக்காட்டுக்குப் போகிறவள். விடியுமுன் ஜீப் வரும். பன்னிரண்டு பெண்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாக மலையேறிக் கேரளத்துப் பக்கம் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். அந்த ஜீப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தியிடம் இருப்பது பன்னிரண்டு பேருக்கும் உரியது. வெற்றிலையும் முறுக்கும் மட்டுமில்லை, மாத்திரையும் அப்படித்தான். ஒருத்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் மெடிக்கலில் போய் ஒரு அட்டை வாங்குவாள். இரண்டு போட்டதும் சரியாகிவிடும். மிச்சம் எட்டும் ஜீப்பின் சொத்து. அது அம்மாவின் பெருங்காய டப்பாவுக்குள் போய்விடும். ஏனென்றால் அம்மாதான் முன்சீட்டுக்காரி, டாக்டருக்கே சொல்லும் டாக்டரைப் பெற்றவள். டப்பாவிலிருந்து வரும் எல்லா மாத்திரையிலும் பெருங்காய வாசம் அடிக்கும். வாசம் தூக்கலாக இருந்தால் மருந்துக்கு வீரியம் அதிகம் என்று பின்சீட்டில் ஒரு கருத்து இருந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் பிடிப்பாள். ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் அட்டையின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். வயிற்றுப்போக்கு என்று வந்தவளுக்கு மலச்சிக்கல் மாத்திரை போய்ச் சேர்ந்தது. அன்று மலைமேல் நடந்ததை அம்மா இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நான் கல்லூரியில் முதல் வருடம். லீவுக்கு வந்திருந்தேன். படித்தவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியுமா? என்னிடமிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து அட்டைகளில் ஒட்டிக் கொடுத்தேன். காய்ச்சலுக்குச் சிவப்பு, வலிக்குக் கருப்பு, வயிற்றுக்கு மஞ்சள். புண், சீழ், தொண்டை, நீர்க்கடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பச்சை. ஆன்டிபயாடிக் என்ற சொல்லை அந்த வாரம்தான் படித்திருந்தேன். அதில் எத்தனை வகை இருக்கிறது, எத்தனை நாள் போட வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வாரப் பாடம்.

பொட்டு முறை ஜீப்பில் பெரிய வெற்றி. புதிதாக வரும் அட்டைகளை எடுத்துக்கொண்டு அம்மா மெடிக்கல்காரரிடமே போய், இது என்ன பொட்டு என்று கேட்கிற அளவுக்கு வளர்ந்தது. அவரும் சலிக்காமல் சொல்வாராம். அடுத்த வாரப் பாடத்தைப் படித்த பிறகு, இது தப்பு, பச்சையை இப்படிப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். சரித்தா என்றாள். அதன்பிறகு டப்பாவை என் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். நானும் தேடவில்லை.

போன வருடம் காய் எடுப்பு உச்சத்தில் இருந்தபோது அம்மா ஈர மண்ணில் வழுக்கி விழுந்தாள். வெட்டிவிட்டிருந்த கட்டை ஒன்று முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. ஜீப்பில் திரும்பும்போதே ஒரு பச்சைப் பொட்டு. வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்று. மறுநாள் வேலை, சாயங்காலம் இன்னொரு பச்சை. வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டாள். நாலு நாளில் மறுபடி வீங்கியது. இந்த முறை வேறு அட்டையின் பச்சை. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. அதற்குப் பொட்டு ஒட்டாமல் விட்டிருந்ததால் அந்த மாத்திரையை அவள் பெரிதாக மதிப்பதில்லை. எனக்குத் தகவல் வந்தபோது கால் தூண் மாதிரி இருந்தது. உடம்பு கொதித்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்து சேர்த்தேன்.

சர்ஜன் காலைப் பார்த்தார். என்னைத் தனியே அழைத்து, சீழ் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது, கிழித்துச் சுத்தம் செய்கிறேன், மருந்து கேட்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார். அதை அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் காலைப் பார்த்தாள். பிறகு, ஒற்றைக் காலோடு ஜீப்பில் ஏற முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி உள்ளே வந்த சர்ஜன், இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். அம்மாவுக்கு ஞாபகசக்தி அதிகம். விரல் விட்டுச் சொன்னாள்.

"மொத நாளு பச்சைப் பொட்டு ஒண்ணு. மறாநாளு ஒண்ணு. அப்புறம் பெரிய பச்சைப் பொட்டு மூணு. ஊடால கருப்புப் பொட்டு ரெண்டு."

சர்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். அதென்ன பொட்டு என்று கேட்டார். அம்மா என்னைப் பெருமையாகக் கை காட்டினாள். "இவதான் டாக்டரே ஒட்டிக் குடுத்தா. உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கா." வெள்ளைக் கோட்டோடு நான் நின்றிருந்தேன். அந்தக் கோட்டைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சர்ஜன் பேனாவை எடுத்து, மருந்து விவரம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வார்டு சிஸ்டர் பிறகு ஒரு வாரத்துக்கு என் நெற்றியை உற்றுப் பார்த்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

அம்மாவின் சீழ் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. வேறு யாராவது பார்க்கட்டும் என்று ஆய்வகத் தலைவியான எங்கள் மேடம் சொன்னார். நானே பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடவி, மேலே மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். இரண்டு தட்டு, பன்னிரண்டு வில்லை. காலையில் திறந்து பார்த்தால், பந்தியில் இலைக்கு முட்டி உட்காருவது போலக் கிருமி ஒவ்வொரு வில்லையின் ஓரத்திலும் வந்து உட்கார்ந்திருந்தது. பதினொன்றுக்கும் அசையவில்லை. கடைசி ஒன்றைச் சுற்றி மட்டும், கோபக்காரச் சம்பந்தியைச் சுற்றி விழுகிற மாதிரி நல்ல அகலமாகக் காலி இடம் இருந்தது.

நான் ஸ்கேலை வைத்து மூன்று முறை அளந்தேன். மேடம் வந்து ஒரு முறை அளந்தார். மெரோபெனம். நரம்பில் ஏற்றுகிற மருந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை, பதினான்கு நாள். இதுவும் கேட்காமல் போனால் அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. அப்புறம் என்னவென்று படித்திருந்தேன்.

இதற்கு அந்த டப்பாதான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சத்தியம் பண்ண முடியாது, இந்தக் கிருமி வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றார் மேடம். ஆனால் பாதி மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிக்கு அது ஒரு பயிற்சி, ஜீப் முழுக்கப் பயிற்சிப் பள்ளி நடத்தியிருக்கிறீர்கள் என்றும் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மருந்து கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் வீக்கம் வற்றி, கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. அப்பா கொண்டுவரும் சோற்றை அம்மாவும், ஆஸ்பத்திரி கொடுக்கும் ரொட்டியை அப்பாவும் சாப்பிட்டார்கள். ஆறாம் நாள் காலையில் நான் வார்டுக்குப் போனபோது அம்மா துணிப்பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காய்ச்சல் போய்விட்டது, வீக்கம் போய்விட்டது, பிறகு எதற்கு மருந்து என்பது அவள் கட்சி. காய் எடுப்பு சீசன் யாருக்காகவும் நிற்காது. முன்சீட்டில் இந்நேரம் யார் உட்கார்ந்திருக்கிறாளோ. இன்னும் எட்டு நாள் இருக்கிறது என்றேன். அந்த எட்டு நாள் மருந்தைத்தான் அவளும் யோசித்து வைத்திருந்தாள். அதைப் பாட்டிலோடு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஜீப்பில் யாருக்காவது பின்னால் ஆகும். இவ்வளவு வீரியமான மருந்தை நல்ல காலில் ஏற்றி வீணாக்குவானேன்?

மேடத்திடம் கேட்டு அந்தத் தட்டைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். இது உன் காலில் இருந்த கிருமி, இந்த வெள்ளை வில்லை எல்லாம் மருந்து என்று விளக்கினேன். அம்மா போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இங்கனயும் பொட்டுத்தான் ஒட்டுறீக. இதுக்கா அம்புட்டுப் படிப்பு?"

பதினொரு பொட்டும் தோற்றுவிட்டது, இந்த ஒன்றுதான் மிச்சம், இதையும் பாதியில் நிறுத்தினால் தப்பிக்கிற கிருமி இதையும் கற்றுக்கொள்ளும், அப்போது காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றேன். ஒரே ஒரு பொட்டுதான் மிச்சம் என்றால் அதைச் சேர்த்துவைப்பதுதானே புத்தி என்றாள். ஒருவழியாக, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டிஸ்சார்ஜ் போட ஆபீஸில் ஆள் இல்லை என்று பொய் சொல்லி ஒரு நாளை வாங்கினேன். அப்படியானால் திங்கட்கிழமை முதல் பஸ் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கு மேல் வார்டுக்குள் விடக்கூடாது. பதினொரு பேரும் செக்யூரிட்டியிடம், நாங்கள் ஒரே குடும்பம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜீப்பைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒவ்வொருத்தியும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டில் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பச்சைப் பொட்டை எடுத்து அம்மாவின் போர்வைமேல் வைத்தாள். ஒன்று, இரண்டு, அரை. அரை மாத்திரையையும் பேப்பரில் மடித்துப் பொட்டு ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். அதையெல்லாம் வாங்கிக்கொள்ளச் சிஸ்டர் ஒரு ட்ரேயை நீட்டினாள். அதை எப்படி எழுதிக்கொள்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நாளை வந்துவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை ஜீப்பில் ஏறிவிடுகிறேன் என்று அம்மா அறிவித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருத்தி மட்டும் அம்மாவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்கு அத்தை முறை, அம்மாவுக்கு மதினி. முப்பது வருடமாக ஜீப்பில் அம்மாவுக்குப் பின்னால் உள்ள சீட்டு அவளுக்கு. அம்மா படுத்ததிலிருந்து முன்சீட்டு. அம்மாவை ஏசுவதற்கு ஊரில் உரிமையுள்ள ஒரே ஆள்.

அத்தை என்னிடம் திரும்பினாள். "மருமகளே, டாக்டரு எத்தன நாளு சொன்னாக?"

பதினாலு என்றேன்.

"இன்னைக்கு?"

ஏழு.

"அப்ப பாதி நெரைதான் ஆகியிருக்கு."

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏலக்காட்டில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது செடிகளின் ஒரு வரிசை, பிரித்து விடுவார்கள். ஒருத்தி பிடித்த நிரையை அவளேதான் கடைசிச் செடி வரை எடுத்து முடிக்க வேண்டும். தூரில் குனிந்து ஒவ்வொரு சரமாகப் பார்த்து, காய் விடாமல் எடுக்க வேண்டும். மேலுக்குச் சுகமில்லை என்றாலும் முடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். ஒருத்தி விட்ட நிரையை இன்னொருத்தி போய் முடித்துக் கொடுத்தால், அந்தப் பேச்சு சீசன் முடிகிறவரை ஜீப்பில் ஓடும். சில பேருக்குப் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடியிருக்கிறது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரு பாதி நெரையில விட்டா?"

"ஒன்னயச் சொல்லல மதினி," என்றாள் அத்தை, புடவையைச் சரிசெய்துகொண்டே. "நீ ஏந்திரிச்சு வா. நமக்கும் வயசாகுதுல்ல, முன்ன மாதிரி முடியுமா? மிச்ச நெரைய நான் வேணா படுத்து முடிச்சுக் குடுக்கேன். எனக்கும் நாலு நா ஃபேன் காத்துல படுத்தாப்புல இருக்கும்."

பின்சீட்டில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். மடியிலிருந்த துணிப்பையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"ஓஞ் சோலியப் பாத்துட்டுப் போ. எந் நெரைய எவளும் தொட வேணாம்."

போகும்போது லிஃப்ட் பக்கத்தில் அத்தையின் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். உங்கம்மா இல்லாமல் முன்சீட்டில் காற்றுத்தான் அதிகம் அடிக்கிறது, காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, இதைப் போய் அவளிடம் ஓதிவிடாதே என்று மிரட்டினாள். காது வலிக்குப் பச்சைப் பொட்டு போட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் போடவில்லை, ட்ரேயில் போட்டுவிட்டேனே என்றாள். நாளைக்கு வந்து காதைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மாத்திரை என்று எதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வார்டில் அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாகிப் போனது. மருந்து ஏற்றக் கால் மணி நேரம் தாமதமானால் சிஸ்டரை ஆள் விட்டுக் கூப்பிடுவாள். இன்னும் எத்தனை செடி இருக்கிறது என்று தினமும் கேட்பாள். ஒரு வேளை மருந்து ஒரு செடி. நான் கணக்குச் சொல்வேன். கையில் ஊசி ஏறிய இடம் கன்றி, இரண்டு முறை மாற்றிக் குத்த வேண்டியிருந்தது. அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாளே தவிரச் சத்தம் வராது. எதிர்க் கட்டிலில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார், நெஞ்சுச் சளிக்கு வந்தவர். சரியாகிவிட்டது என்று ராத்திரி மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். அம்மா பார்த்துவிட்டாள். முடிக்காத நிரை முட்செடி என்று அவரிடம் அரைமணி நேரம் பாடம் எடுத்திருக்கிறாள். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் அம்மா எதுவரைக்கும் படித்திருக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, பதினொண்ணு தோத்து ஒண்ணு பாஸு என்றாள். தட்டின் ரிசல்ட்டைச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வாத்தியார் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் சர்ஜன் கட்டைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். சாம்பல் நிறத்தில் கிடந்த இடமெல்லாம் சிவந்து, மாதுளை முத்து மாதிரிப் புதுச் சதை ஏறியிருந்தது. அவர் விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். கால் காலாகத்தான் இருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நான் திரும்பி வரும்போது அம்மா அவரிடம், இன்னும் ஆறு செடி கிடக்கு, எழுதி வச்சுக்கங்க, ஊடால விட்டுறாதீக என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை அவருக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வார்டு முழுக்க அதற்குள் செடிக் கணக்குக்கு வந்திருந்தது.

கடைசி வேளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. அப்பா பையோடு தயாராக நின்றார். பாட்டில் காலியானதும் சிஸ்டர் குழாயைக் கழற்ற வந்தாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். குழாயில் இன்னும் கொஞ்சம் நிற்கிறது என்றாள். அது பரவாயில்லை என்று சிஸ்டர் சொன்னாள். எனக்குப் பரவாயில்லை என்று விட முடியாது என்றாள் அம்மா. சிஸ்டர் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சலைன் விட்டுத் தள்ளிவிடுங்கள் சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டேன். அவள் அப்படியே செய்தாள். அம்மா அது இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"மதினிக்குப் போனப் போடு," என்றாள்.

போட்டேன். ஸ்பீக்கரில் ஜீப் சத்தம் கேட்டது. சீசன் உச்சம் என்பதால் அந்த ஞாயிறும் வேலைக்குப் போய் மலையிறங்கிக்கொண்டிருந்தார்கள். நிரை முடிந்துவிட்டது என்று அம்மா கத்திச் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது.

"எங்கிட்டாச்சும் ஒண்ணு ரெண்டு விட்டுருப்பா. மருமகளே, நீ நல்லாப் பாத்தியா?"

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. சிஸ்டரிடம் அந்தக் குழாயைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னாள். சிஸ்டர் பாட்டிலையும் குழாயையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அம்மா, அப்பா, வாத்தியார், நான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டு மருந்தில்லை.

"இல்ல அத்தை," என்றேன் போனில். "ஒண்ணுகூட விடல."